பொருள்: மறு: ‘டேங்க் சைக்கிளிங்’ – ‘தொட்டிச் சுழற்சி’யைத் திரும்பப் பெறுகிறேன்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

புதுத் தொட்டியில் மீன் விடுமுன், கழிவை மாற்றும் பாக்டீரியாக்களை வளர்ப்பதை ‘டேங்க் சைக்கிளிங்’ என்கிறார்கள். நம் கடல்மீன் தொட்டிச் சொற்பட்டியலில் அதற்கு ‘தொட்டிச் சுழற்சி’ என்று முன்மொழிந்தவன் நான். மறுப்பு வராததால் சொல் பட்டியலில் ஏறிவிட்டது. இப்போது அதை எடுத்துவிட்டு ‘தொட்டி பழக்கல்’ என்று போடும்படி கேட்கிறேன். போன வாரம் இரண்டு வரியில் இதை எழுதியபோது மூன்று மறுப்புகள் வந்தன. மூன்றும் நியாயமானவை என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் கல்லூரியில் படிக்கும் தம்பி ஒருவன் 180 லிட்டரில் கடல்நீர்த் தொட்டி வைத்தான். உலர்ந்த செயற்கைப் பாறை, மணல், பொட்டல உப்பு எல்லாம் போட்டு, பாக்டீரியாவுக்கு வேண்டிய அம்மோனியா கிடைக்க இரண்டு பச்சை இறாலை உள்ளே அழுக விட்டான். அம்மோனியா ஏறி இறங்கியது, பிறகு நைட்ரைட்டும் ஏறி இறங்கியது. ஐந்தாம் வாரம் இரண்டும் சுழி, அதாவது பூஜ்யம். இரண்டு கோமாளி மீன்களை விட்டான். ஆனால் நைட்ரேட் சோதனைக் குழாய் செக்கச் செவேலென்று லிட்டருக்கு 80 மில்லிகிராம் காட்டியது.

“அண்ணா, சுழற்சி இன்னும் முடியல. முடிஞ்சா இதுவும் தானா சுழிக்கு வந்துடும்ல?” என்று கேட்டான். எங்கே படித்தாய் என்றேன். நம் பட்டியலைக் காட்டினான். மூன்று வாரம் தண்ணீர் மாற்றாமல் காத்திருந்திருக்கிறான். மீன்கள் சாகவில்லை. ஆனால் பாறை முழுக்க முடிப்பாசி படர்ந்து, மீன்கள் இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டு மூலையில் ஒதுங்கிவிட்டன. சுழற்சி என்றால் சுற்றித் தொடங்கிய இடத்துக்கே வரும் என்றுதானே எவரும் நினைப்பார்? அவன் சொல்லை நம்பினான். தப்பு என் சொல்லில்.

> நைட்ரஜன் சுழற்சி என்பது பள்ளிப் பாடத்திலேயே நிலைத்துவிட்ட சொல். அதிலிருந்து பிறந்த ‘தொட்டிச் சுழற்சி’யை ஏன் மாற்ற வேண்டும்?

நைட்ரஜன் சுழற்சி அப்படியே இருக்கட்டும் ஐயா. மண்ணும் செடியும் காற்றும் சேர்ந்த இடத்தில் அது உண்மையிலேயே சுழல்கிறது. புதுத் தொட்டியில் நடப்பது அந்த வட்டத்தின் ஒரு துண்டுதான். கழிவிலிருந்து அம்மோனியா, அம்மோனியாவிலிருந்து நைட்ரைட், நைட்ரைட்டிலிருந்து நைட்ரேட். அதோடு நின்றுவிடுகிறது. போட்ட நைட்ரஜன் அத்தனையும் நைட்ரேட்டாகத் தேங்குகிறது. கணக்கு போட்டுப் பாருங்கள்: இறாலுக்குப் பதில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வீதம் நான்கு முறை அம்மோனியா ஊற்றினால் மொத்தம் 8. அது முழுக்க மாறினால் ஏறக்குறைய 29 மில்லிகிராம் நைட்ரேட். ஒரு மீன்கூட விடாத தொட்டியில் இது! இறால் அழுகினால் எவ்வளவு சேரும் என்பதற்கு அளவே கிடையாது.

பாறையின் உள்துளைகளில் ஆக்சிஜன் அற்ற இடத்தில் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வளியாக்கி வெளியே விடும், எனவே வட்டம் மூடுகிறது என்று ஓர் அம்மா தனிமடலில் சுட்டியிருந்தார். சரிதான். ஆனால் உலர் பாறையில் அந்தக் கூட்டம் குடியேறப் பல மாதம் ஆகும், ஆன பின்பும் அதன் வேகம் கொஞ்சம்தான். அதற்குத் தனிச்சொல் வேண்டும். ‘நைட்ரேட் நீக்கம்’ போதாது. தண்ணீர் மாற்றுவதும், பாசி வளர்த்து அறுத்தெடுப்பதும் நைட்ரேட் நீக்கமே. ‘நைட்ரேட் வளியாதல்’ என்றால் நடப்பது சொல்லிலேயே தெரியும்.

> பழக்கல் என்பது புதிய நீருக்கு மீனைப் பழக்குவதற்கு வேண்டிய சொல். ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்தால் குழப்பம்.

நான் மிகவும் யோசித்த மறுப்பு இதுதான். ஆனால் மீன்வளர்ப்போர் குஞ்சுகளைக் குளத்தில் விடுமுன் செய்வதை ‘இணக்கப்படுத்துதல்’ என்றே சொல்கிறார்கள். பையைத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்தி விடுவது அது. எனவே மீனை இணக்குகிறோம், தொட்டியைப் பழக்குகிறோம்.

பழக்கல் என்ற சொல்லை நான் அடுக்களையிலிருந்து எடுத்தேன். புதுக் கல்சட்டி வாங்கினால் அம்மா அதை உடனே அடுப்பில் ஏற்ற மாட்டார். மஞ்சளும் விளக்கெண்ணெயும் தடவி வைப்பார். பிறகு தினமும் சூடான வடிகஞ்சியை ஊற்றி ஊறவிட்டு, மறுநாள் அந்தக் கஞ்சியைக் கொட்டிவிட்டுப் புதுக் கஞ்சி ஊற்றுவார். பத்து நாளுக்கு மேல் இது நடக்கும். அந்தக் கஞ்சியை யாரும் குடிப்பதில்லை. சாம்பல் நிறத்தில், கல்தூள் கலந்து இருக்கும். தோசைக்கல்லுக்கும் அப்படித்தான், முதல் சில தோசை நமக்கில்லை.

எனக்கு இந்தச் சொல் பிடித்துப்போனது இந்த ஒரு காரணத்தால்தான்: பழக்கிய கஞ்சியைக் கொட்ட வேண்டும் என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. தொட்டியிலும் அதேதான். பாக்டீரியா பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தண்ணீரில் மிதப்பது மிகக் குறைவு. அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியானதும், மீன் விடுமுன், பழக்கிய தண்ணீரில் பாதிக்கு மேல் கொட்டிப் புதுக் கடல்நீர் ஊற்றினால் பாக்டீரியாவுக்கு நட்டமில்லை, நைட்ரேட் மட்டும் போகும். ‘சுழற்சி’ என்று படித்தவன் காத்திருக்கிறான். ‘பழக்கல்’ என்று படிக்கும் நம் வீட்டுப் பிள்ளை வாளியைத் தேடுவான்.

> நாங்கள் நைதரசன் வட்டம் என்போம். ‘பதப்படுத்தல்’ எல்லா ஊருக்கும் பொதுவாக இருக்குமே?

யாழ்ப்பாணத்து நண்பருக்கு: பதப்படுத்தல் நல்ல சொல்தான். ஆனால் இன்று பதப்படுத்திய பால், பதப்படுத்திய உணவு என்றால் கிருமி வளராமல் செய்தது என்றே பொருள்படுகிறது. நாம் செய்வது நேர்மாறு, நுண்ணுயிரை வளர்க்கிறோம். அந்தச் சொல்லைப் படித்துவிட்டு ஒருவர் தொட்டியில் குளோரின் கலந்தால் என்ன செய்வது?

அதே காரணத்தால், பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சையோ ஒரு துண்டுப் பாறையையோ புதுத் தொட்டியில் போட்டுப் பழக்கலை விரைவுபடுத்துவதற்கு ‘உறை ஊற்றல்’ என்று வைக்கலாம். தயிருக்கு உறை ஊற்றுவது போல. சில ஊர்களில் புரை என்பார்கள், எது பரவலானது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். உறைக்காகக் கடலிலிருந்து பவளப்பாறையை உடைத்து வரலாம் என்று பொருள்படும்படி பட்டியலில் ஒரு வரிகூட வேண்டாம். கற்பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001 முதல் காப்புக்குரியவை. மன்னார் வளைகுடாவில் பவளம் தோண்டியே தீவுகள் அமிழ்ந்திருக்கின்றன.

பதிவில் இன்னும் இரண்டு திருத்தம். ‘நைட்ரைட்டை நைட்ரேட்டாக்குவது நைட்ரோபாக்டர்’ என்று எழுதியிருக்கிறோம். நன்னீர் மீன்தொட்டிகளில் அந்த வேலையைச் செய்வது நைட்ரோஸ்பைரா வகைப் பாக்டீரியா என்று ஹோவனெக் என்ற ஆய்வாளரின் குழுவினர் 1998-இலேயே காட்டிவிட்டார்கள். அடுத்தது அளவு. சில சோதனைப் பெட்டிகள் நைட்ரேட்டைக் காட்டும், சில அதிலுள்ள நைட்ரஜனை மட்டும் காட்டும். பின்னதை 4.43-ஆல் பெருக்கினால்தான் முன்னது வரும். இரண்டுக்கும் ‘நைட்ரேட் அளவு’ என்றே போட்டுவிட்டோம். இரண்டாவதை ‘நைட்ரேட்-நைட்ரஜன்’ என்று பிரிக்க வேண்டும். பழக்கல் பாதியில் இருக்கும்போது நைட்ரேட்டைச் சோதிப்பதில் பயனில்லை என்றும் ஒரு வரி சேர்க்கலாம். பல சோதனைகள் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கித்தான் நிறம் காட்டுகின்றன, எனவே தண்ணீரில் ஏற்கெனவே உள்ள நைட்ரைட் நைட்ரேட் போலவே சிவக்கும்.

தம்பியின் தொட்டிக்கு என்ன செய்தோம் என்று கேட்டவர்களுக்கு: பாதித் தண்ணீரை மாற்றினோம். 80 பாதியாகி 40-க்கு வரும் என்று பார்த்தால், நிறம் அதற்கும் மேலேயே நின்றது. சந்தேகப்பட்டு, உப்புக் கலக்காத ஆழ்துளைக் கிணற்று நீரை மட்டும் குழாயில் எடுத்துச் சோதித்தோம். அதுவே 20 காட்டியது. குடிநீருக்கு 45 வரை இந்தியத் தர நிர்ணயம் அனுமதிக்கிறது, எனவே அது கெட்ட தண்ணீர் இல்லை. ஆனால் அதை ஊற்றி 20-க்குக் கீழே இறக்க ஒருநாளும் முடியாது. பிறகு ஆர்.ஓ. நீரில் உப்பைக் கலந்து, அடர்த்தி 1.025 என்று பார்த்து, சூட்டையும் சமப்படுத்தி, மூன்று நாள் இடைவெளியில் இரண்டு முறை பாதிப் பாதியாக மாற்றினோம். 10-க்குச் சற்று மேலே வந்தது. முடிப்பாசியைக் கையால் பறித்து வெளியே போட்டான். அதுவும் நைட்ரேட்டைத் தின்று வளர்ந்ததுதானே. இரையை நாளுக்கு ஒரு சிட்டிகையாகக் குறைத்தான். மீன்கள் இப்போது கண்ணாடிப் பக்கம் வருகின்றன.

பட்டியலுக்கு நான் எழுதியிருக்கும் விளக்கம் இது:

தொட்டி பழக்கல் – புதுத் தொட்டியில் அம்மோனியாவையும் நைட்ரைட்டையும் நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் குடியேறும்வரை மீன் விடாமல் காத்து வளர்த்தல். இறுதியில் தேங்கும் நைட்ரேட் தானாகப் போகாது. நைட்ரேட் இல்லாத நீரில் கலந்த புதுக் கடல்நீரால் பெரும்பகுதியை மாற்றிய பின்னரே மீன் விட வேண்டும்.

விளக்கம் நீளம் என்று தோன்றினால் முதல் வரியைச் சுருக்குங்கள். கடைசி இரண்டு வரிகளில் கை வைக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று பதிவை மாற்றலாம்.

அன்புடன்