புதுப்பிப்பு: குரலும் உதட்டசைவும் விலகிய நேர்காணல் சரியாகிவிட்டது

கைப்பேசியில் எடுத்த ஒரு மணி நேர நேர்காணலில் குரல் போகப் போக உதட்டசைவை விட்டு விலகுகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டுவிட்டது.

கோப்பின் விவரங்களைக் காட்டும் மீடியாஇன்ஃபோ மென்பொருளில் கோப்பைத் திறந்தால், ஃபிரேம் ரேட் மோட் 'வேரியபிள்' என்றிருந்தது, அதாவது விநாடிக்கு வரும் ஃபிரேம்களின் (படங்களின்) எண்ணிக்கை சீராக இல்லை. வெளிச்சம் குறைந்தாலோ கருவிக்குச் சுமை கூடினாலோ கைப்பேசி ஃபிரேம்களின் இடைவெளியை மாற்றிக்கொள்ளும். பல எடிட்டிங் மென்பொருள்கள் சீரான இடைவெளியையே எதிர்பார்க்கின்றன. வீடியோவை வேறு வடிவத்துக்கு மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் 'கான்ஸ்டன்ட்' (சீரானது) தேர்ந்து விநாடிக்கு 30 ஃபிரேமுக்கு மாற்றினேன். கடைசி நிமிடம் வரை குரல் அப்படியே ஒட்டி நிற்கிறது, அவ்வளவு நிம்மதி!

ஆனால் ஹேண்ட்பிரேக் மறுபடியும் சுருக்குவதால் தரம் கொஞ்சம் குறையும். நிறத்திருத்தம் செய்யப்போகிறவர்கள் ஷட்டர் என்கோடர் என்ற இன்னொரு மாற்றி மென்பொருளில், எடிட்டிங்குக்கான உயர்தர வடிவமான புரோரெஸ் ஆக மாற்றுவதே மேல். கோப்பு பல மடங்கு பெரிதாகும், வட்டில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், விநாடிக்கு 29.97 ஃபிரேம் உள்ள வீடியோவை 30 என்று எடுத்துக்கொண்டீர்களா என ஒருவர் கேட்டது அருமையான கேள்வி. அந்த வேறுபாடு 0.1 சதவீதம், மணிக்குச் சுமார் 3.6 விநாடி. அப்படியானால் விலகல் சீராகக் கூடிக்கொண்டே போகும். எனக்கோ சீராக இல்லாமல் விட்டு விட்டுக் கூடியது. உங்களுக்குச் சீராக விலகினால் முதலில் இதைச் சோதியுங்கள்.

மூலக் கோப்பை அழிக்கவில்லை. இன்றிரவு வெட்டத் தொடங்குகிறேன்.