ஆற்றுக்கு அக்கரையில் அமெரிக்கா: எல்லையை நேரில் கண்டவர்களின் அனுபவங்கள்

வின்சர், ஆற்றங்கரையான்:

கனடாவும் அமெரிக்காவும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கருத்துச் சொல்ல நம்மில் யாரும் பின்நிற்பதில்லை. அந்தக் கருத்துகளைச் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, இந்த உறவை நேருக்கு நேர் சந்தித்த ஒரு நாளை மட்டும் எழுதுவோம் என்று கேட்டுக்கொண்டு, நானே தொடங்குகிறேன்.

எங்கள் ஊரில் அமெரிக்கா வடக்கே இருக்கிறது. ரொறன்ரோவிலிருந்து வரும் உறவினர்கள் இதை எளிதில் நம்புவதில்லை. ஆறு வளைந்து ஓடுவதால் வின்சரின் கரையில் நின்று வடக்கே பார்த்தால் தெரிவது டிட்ரொயிட்டின் கட்டடங்கள்தான். நான் வேலை செய்வது வாகன இருக்கைகளுக்கான உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு சிறிய தொழிற்சாலையில். உள்ளங்கையளவு இரும்புத் தாங்கி ஒன்றைத்தான் நான் ஒவ்வொரு நாளும் சோதித்து அனுப்புகிறேன். அதன் இரும்பு ஹமில்டனிலிருந்து வருகிறது. நாங்கள் அழுத்தி வடிவமைத்ததும் முலாம் பூசுவதற்காக அது மிச்சிகனுக்குப் போகிறது. பற்றவைப்பதற்காகத் திரும்பி வருகிறது. இருக்கையோடு பொருத்தப்படுவதற்காக மீண்டும் அக்கரைக்குப் போகிறது. கடைசியில் இருக்கையாகவே இக்கரைக்கு வந்து ஒரு வாகனத்துக்குள் ஏறுகிறது. ஓர் இரும்புத் துண்டு நான்கு முறை ஆற்றைக் கடக்கிறது. 1965 ஆம் ஆண்டு கனடியப் பிரதமர் பியர்சனும் அமெரிக்க அதிபர் ஜோன்சனும் கையெழுத்திட்ட வாகன உடன்பாட்டின் காலத்திலிருந்து இந்த வட்டாரம் இப்படித்தான் பிழைத்து வந்திருக்கிறது.

2025 மார்ச் 4 ஆம் நாள் காலை, கனடாப் பொருட்கள் மீது அமெரிக்க அதிபர் ட்ரம்ப் விதித்த 25 வீத வரி நடைமுறைக்கு வந்தபோது, எங்கள் முற்றத்தில் மூன்று பாரவூர்திகள் ஏற்றிய சரக்கோடு நின்றன. வரியைக் கட்டவேண்டியவர் நாங்களா, அக்கரையில் முலாம் பூசுபவரா, இருக்கை செய்பவரா என்று எவருக்கும் தெரியவில்லை. சுங்க முகவரின் தொலைபேசி காலை முழுவதும் வேறு அழைப்பிலேயே இருந்தது. எங்கள் மேற்பார்வையாளர் கறுப்பு மையால் ஓர் அட்டையில் “நான் சொல்லும்வரை அசைக்க வேண்டாம்” என்று எழுதி முதலாவது ஊர்தியின் கண்ணாடியில் ஒட்டினார். சாரதிகள் மூவரும் உணவறையில் இருந்து சீட்டு விளையாடினார்கள். இரண்டு நாள் கழித்து, கனடா, அமெரிக்கா, மெக்சிகோ ஆகிய மூன்று நாடுகளின் வணிக உடன்பாட்டுக்கு அமைவான பொருட்களுக்கு விலக்கு வந்தது; ஊர்திகள் கிளம்பின. ஆனால் அந்த அட்டையை மேற்பார்வையாளர் கிழித்தெறியவில்லை. அதைத் தன் மேசை இழுப்பறைக்குள் வைத்துக்கொண்டார், அவருக்கு அனுபவம் அதிகம்.

இனிக் கனடாவின் நாடாளுமன்றத் தேர்தல். ஏப்ரல் 28 ஆம் நாள் லிபரல் கட்சி 169 இடங்களைப் பெற்றபோது, வரிகளாலும், கனடாவை அமெரிக்காவின் 51 ஆவது மாநிலமாக்கலாம் என்ற ட்ரம்ப்பின் பேச்சாலும் சீண்டப்பட்ட நாடு திரண்டெழுந்து விடை சொல்லிவிட்டது என்று எல்லோரும் எழுதினார்கள். வரி முதலில் வந்து விழுந்த எங்கள் வட்டாரத்தின் மூன்று தொகுதிகளும் கொன்சவேட்டிவ் கட்சிக்குப் போனதை மட்டும் பலரும் கவனிக்கவில்லை. 2002 முதல் புதிய சனநாயகக் கட்சியின் கையிலிருந்த வின்சர் மேற்கும் அதில் அடக்கம். இன்னொரு தொகுதியில், நீதிமன்ற மேற்பார்வையிலான மீள எண்ணலுக்குப் பின்னர், வித்தியாசம் வெறும் 4 வாக்குகள். நான் பிரதமர் மார்க் கார்னி தலைமை தாங்கிய லிபரல் கட்சிக்கே வாக்களித்தேன். என்னோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்யும், முப்பது ஆண்டுகளாகத் தொழிற்சங்கத்தில் இருக்கும் நண்பர் அப்படிச் செய்யவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் பொல்லாதவன் என்பது தனக்குத் தெரியும் என்றும், அதைச் சொல்லித் தன் வீட்டுக் கடனை யாரும் கட்டப்போவதில்லை என்றும், பத்தாண்டு ஆண்டவர்களிடம் ஒருமுறையேனும் கணக்குக் கேட்கவேண்டும் என்றும் அவர் சொன்னார். அவரைத் தேசப்பற்று இல்லாதவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஸ்காபரோ, ஓய்வுபெற்ற ஆசிரியை:

வின்சர்த் தம்பி எழுதியதைப் படித்ததும் சற்று வெட்கமாக இருந்தது. ஸ்காபரோவின் தொகுதிகள் எல்லாம் லிபரல் கட்சிக்கே சென்றன. அதைக் கொண்டே நாடு முழுவதன் மனத்தையும் நான் அளந்துவிட்டேன்.

என் அனுபவம் கடையில் நடந்தது. மார்ச் மாதத்தில் மாகாண அரசு மதுக்கடைகளிலிருந்து அமெரிக்க மதுவை அகற்றியது. நான் குடிப்பதில்லை என்றாலும் வெறுமையான தட்டுகளைப் பார்ப்பதற்காகவே ஒருநாள் உள்ளே போய்வந்தேன். அதே வாரம் பல்பொருள் அங்காடியில் எண்பது வயதைத் தாண்டிய ஒரு வெள்ளைக்காரப் பெரியவர், கையில் ஒரு பூதக்கண்ணாடியோடு, பாத்திரங்கள் அடுக்கிய தட்டின் முன்னால் நின்று ஒவ்வொரு பெட்டியின் அடியையும் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தார். உணவல்லாத பொருட்களில் “கனடாவின் உற்பத்தி” என்று போடுவதற்குச் செலவில் 98 வீதமாவது இந்நாட்டில் ஆகியிருக்க வேண்டும் என்றும், “கனடாவில் தயாரிக்கப்பட்டது” என்பதற்கு 51 வீதமே போதும் என்றும் அவர்தான் எனக்கு விளக்கினார். நாற்பது ஆண்டுகள் பாடம் நடத்திய எனக்கு அன்றுதான் அது தெரியவந்தது. இறுதியில் அவர் எதையும் வாங்கவில்லை. தன்னிடம் ஏற்கெனவே நல்ல பாத்திரம் இருக்கிறது என்றும், படித்துப் பார்க்கவே வந்ததாகவும் கூறிச் சிரித்தார்.

புளோரிடாத் தோடம்பழத்தை விட்டுவிட்டு மொரோக்கோப் பழம் வாங்குகிறேன். புளோரிடாவில் இருக்கும் என் தங்கையின் வீட்டுக்கு மட்டும் போகாமல் இருக்க முடியவில்லை. தங்கையையும் எந்த வீதத்தில் கணக்கிடுவது என்று அந்தப் பெரியவரிடம் கேட்டிருக்கலாம்.

மிசிசாகா, 1990 இல் வந்தவன்:

என் கதை வேறு திசையிலிருந்து வருகிறது. மற்றவர்கள் அமெரிக்காவைக் கனடாவிலிருந்து பார்த்தார்கள். நான் கனடாவை முதன்முதலில் அமெரிக்காவிலிருந்து பார்த்தேன்.

நியூயோர்க்கிலிருந்து இரவுப் பேருந்தில் பஃபலோ வந்து சேர்ந்தபோது என்னிடம் ஒரு தோள்பையும், ஒரு தொலைபேசி எண் எழுதிய சிகரெட் பெட்டியின் அட்டையும் இருந்தன. அங்கே ஏதிலிகளைத் தங்கவைக்கும் விடுதியொன்றில் பதினொரு நாட்கள் இருந்தேன். நேர்காணலுக்கு நாள் குறிக்கப்பட்டவர்களின் பெயர்களைச் சுவரில் ஒட்டுவார்கள். காலையில் எழுந்ததும் தேநீருக்கு முன்னால் எல்லோரும் அந்தத் தாளைத்தான் பார்ப்போம். எங்களோடு சோமாலியரும் எல்சல்வடோர்க்காரரும் இருந்தார்கள். அமெரிக்கா எங்களுக்கு ஒரு நடைவழி. அதில் எவரும் நிற்க நினைக்கவில்லை, நிற்க விடுவார்கள் என்ற நம்பிக்கையும் இருக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் நயாகரா ஆற்றின் மேலுள்ள அமைதிப் பாலத்தைக் கடந்து போர்ட் ஈரியில் இறங்கினேன். பாலத்தின் நடுவில் மூன்று கொடிகள் அடுத்தடுத்து நின்றன; மூன்றாவது ஐக்கிய நாடுகள் சபையின் கொடி என்று பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். குடிவரவு அதிகாரி என்னிடம் கேட்ட முதற்கேள்வி, சாப்பிட்டாயா என்பதாக இருக்கும் என்று கதைகளில் எழுதுவார்கள். அவர் கேட்டது, அமெரிக்காவில் ஏன் விண்ணப்பிக்கவில்லை என்பது.

அந்தக் கேள்வியே பின்னர் சட்டமாகிவிட்டது. கனடா, அமெரிக்கா இரண்டில் முதலில் வந்திறங்கிய நாட்டிலேயே அடைக்கலம் கோரவேண்டும் என்னும் பாதுகாப்பான மூன்றாம் நாட்டு உடன்பாடு 2004 டிசம்பர் 29 இல் நடைமுறைக்கு வந்ததும், கனடாவில் நெருங்கிய உறவினர் இருப்பது போன்ற சில விலக்குகளைத் தவிர, என்னைப் போன்றவர்களுக்கு அந்தப் பாலம் மூடப்பட்டது. சோதனைச்சாவடி இல்லாத கியூபெக்கின் றொக்ஸம் வீதி வழியாக எல்லையைக் கடந்து வந்தவர்களுக்கு 2023 மார்ச் 25 இல் மிச்சமிருந்த வழியும் அடைபட்டது. 2025 ஜூனில் வந்த எல்லைப் பாதுகாப்புச் சட்டமூலத்தை நாடாளுமன்றத்தில் முன்வைத்தவர், இலங்கையில் பிறந்து சிறுவயதில் இங்கே வந்த அமைச்சர் கரி ஆனந்தசங்கரி. கனடாவுக்கு முதன்முதலாக வந்து ஓராண்டு கடந்தபின் அடைக்கலம் கோருபவர்களின் வழக்கை ஏதிலிகள் சபைக்கு அனுப்பக்கூடாது என்பது அதிலுள்ள ஒரு பிரிவு. அமெரிக்காவை உறுத்திக்கொண்டிருந்த சில விடயங்களும் அதில் கவனிக்கப்பட்டுள்ளன என்பதை அமைச்சர் மறைக்கவில்லை. அவர் நம்மவர் என்பதால் பொறுத்துக்கொள்ளவோ, நம்மவராக இருந்தும் இப்படிச் செய்தாரே என்று இரட்டிப்பாகக் கோபப்படவோ நான் விரும்பவில்லை. அந்த நாற்காலியில் யார் இருந்தாலும் வாஷிங்டன் தட்டும் கதவு அதுதான். ஆனால் அமெரிக்காவை எதிர்த்து நிற்போம் என்ற பொருளில், வணிகத்தில் “முழங்கையை உயர்த்துகிறோம்” என்று முழங்கிய அரசு, ஏதிலிகளின் விடயத்தில் அதே முழங்கையை ஓசையின்றித் தாழ்த்திக்கொண்டது என்பதை, அந்தப் பாலத்தில் நடந்து வந்தவன் என்ற முறையில் நான் சொல்லாமல் இருக்க முடியாது. கொடுப்பதற்கு ஏதாவது வேண்டும் என்றபோது முதலில் கொடுக்கப்பட்டவர்கள் வாக்குரிமை இல்லாதவர்கள்.

ஷேர்புரூக், நூலகப் பணியாளர்:

சுருக்கமாக எழுதுகிறேன். எங்களுக்குத் தெற்கே ஸ்டான்ஸ்டெட் ஊரில், 1904 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஹஸ்கெல் நூலகம் இருக்கிறது. எல்லைக்கோடு வாசிப்பறையின் தரையில் கறுப்புப் பட்டையாக ஓடுகிறது. நூல்களின் பெரும்பகுதி கனடாவில், முன்வாசல் அமெரிக்காவில். அந்த வாசலுக்குக் கனடாக்காரர்கள் கடவுச்சீட்டு இல்லாமல் நடைபாதை வழியே நடந்துபோகும் வழக்கத்தை 2025 இல் அமெரிக்க அதிகாரிகள் முடிவுக்குக் கொண்டுவந்தார்கள். இப்போது கனடாப் பக்கத்தில், முன்பு அவசரத்துக்கு மட்டும் பயன்பட்ட கதவு வழியாகப் போகவேண்டும். நான் கடைசியாகச் சென்றபோது அங்கே சேறு மிதிபடாதிருக்க மரப்பலகைகள் போட்டிருந்தார்கள். உள்ளே போய்விட்டால் கோட்டைத் தாண்டலாம். அதை இன்னும் எவரும் தடுக்கவில்லை.

வின்சர், ஆற்றங்கரையான்:

மிசிசாகா அண்ணை எழுதியதற்கு என்னிடம் மறுமொழி இல்லை. முழங்கையைப் பற்றி மட்டும் ஒன்று சொல்லவேண்டும். அந்த முழக்கம் பனிக்கட்டி ஹொக்கி வீரர் கோர்டி ஹோவின் முழங்கைகளிலிருந்து வந்தது என்பார்கள். சஸ்காச்சுவானில் பிறந்த அவர் 25 பருவங்கள் விளையாடியது டிட்ரொயிட் அணிக்காக. எங்கள் ஊரில் கனடாவின் பணத்தில் கட்டப்பட்ட புதிய பாலத்துக்கும் அவருடைய பெயரே. எதிர்ப்பின் அடையாளமாக நாம் உயர்த்திப் பிடிக்கும் மனிதர், அக்கரையில் சம்பளம் வாங்கியவர். இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. என் மனைவி டிட்ரொயிட்டில் ஒரு மருத்துவமனையில் தாதியாக வேலை செய்கிறார். வின்சரிலிருந்து அப்படிப் போய்வரும் தாதியர் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். மாலையில் அவர் சுரங்கப்பாதை வழியாகத் திரும்பி வரும்போது, அமெரிக்கப் பொருளை வாங்காதே என்ற ஒட்டியைத் தாங்கிய கார்கள் அவருக்கு முன்னாலும் பின்னாலும் வருகின்றன.

ஒக்டோபரில் ஒன்ராறியோ அரசு, முன்னாள் அமெரிக்க அதிபர் ரேகனின் 1987 ஆம் ஆண்டு வானொலி உரையைக் கொண்டு அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் வரிக்கு எதிராக விளம்பரம் செய்தது. ட்ரம்ப் அதைக் காரணம் காட்டி வணிகப் பேச்சுகளை நிறுத்தினார். ஸ்காபரோவில் என் மைத்துனர் முதல்வர் ஃபோர்டைப் பாராட்டித் தொலைபேசியில் பேசினார். எங்கள் உணவறையிலோ ஒருவரும் பேசவில்லை. இரும்பின் மீதான 50 வீத வரியைக் குறைக்க ஓர் உடன்பாடு வரும் என்று காத்திருந்தவர்கள் அவர்கள். விளம்பரத்தில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அதன் விலையை யார் கட்டுவார்கள் என்பதை எழுதியவர்கள் எங்களிடம் கேட்கவில்லை.

மூன்று நாட்டு உடன்பாட்டின் மீளாய்வுக்குக் குறிக்கப்பட்ட காலம் 2026 ஜூலை. எங்கள் தொழிற்சாலையில் வழக்கமாக மூன்று மாதங்களுக்கான வேலை நேரப் பட்டியலை ஒன்றாக ஒட்டுவார்கள். 2025 இன் கடைசியில் நத்தார் வரைக்கும் மட்டுமே ஒட்டினார்கள். ஜனவரிக்கு உரிய இடத்தில், பழைய தாளைக் கிழித்த ஒட்டுத்துண்டுகள் நான்கும் அப்படியே இருந்தன.