ஜெபிக்க அமர்ந்தால் மனம் ஓடுகிறது: மாறுபணியில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

பிறைவாசி:

அனைவருக்கும் ஸ்தோத்திரம். நான் மலேசியாவில், பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள பிறை என்ற ஊரில் குடியிருந்துகொண்டு, தீவிலுள்ள பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு வரை எனக்குப் பகல் வேலைதான். அதிகாலை ஐந்து மணிக்கு எழுந்து, வீட்டில் மற்றவர்கள் கண்விழிப்பதற்குள் வேதத்தில் ஓர் அதிகாரம் வாசித்து, அரை மணி நேரமாவது ஜெபித்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்றவைப்பேன். இப்போது பன்னிரண்டு மணி நேரப் பணி; இரண்டு வாரம் பகல், இரண்டு வாரம் இரவு என்று மாறிமாறி வருகிறது. இரவுப் பணி முடிந்து தொழிற்சாலைப் பேருந்தில் பாலத்தைக் கடந்து வீடு வந்து சேர எட்டு மணி தாண்டிவிடும். மாமியாருக்கு மருந்து கொடுத்து, துணியைத் துவைக்கப் போட்டு, மதியச் சமையலையும் முடித்துவிட்டுப் படுத்தால் பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்வரை உறங்கலாம். அதற்கு நடுவில் கிடைக்கும் கால் மணி நேரத்தில்தான் நான் தேவனுடைய சமுகத்தில் அமர வேண்டியிருக்கிறது.

அமர்ந்தாலும் மனம் அமர்வதில்லை. வேதத்தைக் கைப்பேசியில் வாசிப்பது வசதி என்று பழகிவிட்டேன். ஒரே வசனத்தை நான்கு முறை வாசித்த பிறகும் என்ன வாசித்தேன் என்று எனக்கே தெரிவதில்லை. போன வாரம் 46ஆம் சங்கீதத்தில் "நீங்கள் அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்" என்ற இடத்துக்கு வந்தபோது, இன்றைக்கு நல்ல கெம்போங் மீன் வந்திருக்கிறது என்று மீன்காரர் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அனுப்பிய செய்தி திரையின் மேலே தெரிந்தது. அரைக் கிலோ சொல்லிவைத்தேன். சங்கீதத்துக்குத் திரும்பவில்லை என்பது மாலையில் மீனைக் கழுவும்போதுதான் நினைவுக்கு வந்தது.

சபையில் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, அதிகாலையில் எழுந்து ஜெபிக்கப் பழகுங்கள் என்றார். அதிகாலையில் நான் எழுவது எங்கே, ஐயா, இயந்திரத்தின் முன் நின்றுகொண்டல்லவா இருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. இப்படிச் சிதறிய மனத்தோடு செய்யும் ஜெபம் ஜெபம்தானா என்பதே என் கேள்வி. வாயால் கனம்பண்ணுகிறேன், இருதயமோ தூரமாய் இருக்கிறது என்ற குற்றவுணர்வு நாளுக்கு நாள் வளர்ந்து, இப்போது அமர்வதற்கே கூச்சமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற வாத்தியார்:

சகோதரி, மனம் சிதறுவது வேறு, நேரம் சிதறுவது வேறு. நீங்கள் இரண்டையும் ஒரே குற்றமாக எண்ணி உங்கள் தலையில் சுமத்திக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் பணி அட்டவணையை எழுதியவர் நீங்கள் அல்லவே.

உங்களைப் போன்றவர்களுக்கு எப்படியும் யாராவது மார்த்தாள், மரியாள் கதையைச் சொல்வார்கள் என்பதால் நானே அதை முதலில் எடுத்துக்கொள்கிறேன். லூக்கா 10ஆம் அதிகாரத்தில், வீட்டுக்கு வந்த இயேசுவின் பாதத்தருகே மரியாள் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க, மார்த்தாள் பற்பல வேலைகளைச் செய்வதில் மிகவும் வருத்தமடைந்தாள் என்று நம் பழைய மொழிபெயர்ப்பு கூறுகிறது. கிரேக்க மூலத்தில் லூக்கா எழுதியிருக்கும் வினைச்சொல்லுக்கு, நாலா பக்கமும் பிடித்து இழுக்கப்படுதல் என்று பொருள். ஒரே நேரத்தில் அடுப்பும் விருந்தாளியும் உதவிக்கு வராத தங்கையும் அவளை இழுத்தார்கள். உங்களை மருந்துப் பெட்டியும் மீன்காரரும் இழுக்கிறார்கள். ஆண்டவர் அவளைப் பெயர் சொல்லி இருமுறை அழைத்து, அந்த இழுபறியைத்தான் சுட்டிக்காட்டினார். அவள் வேலை செய்ததே தவறு என்று பிரசங்கிப்பவர்கள் யோவான் சுவிசேஷத்தையும் சற்றுப் புரட்டிப் பார்க்க வேண்டும். 12ஆம் அதிகாரத்தில் பெத்தானியாவில் மறுபடியும் ஒரு விருந்து நடக்கிறது. மார்த்தாள் மறுபடியும் பணிவிடை செய்கிறாள். அவளை ஒருவரும் கண்டிக்கவில்லை. அதற்கு முந்தைய அதிகாரத்தில், சகோதரன் லாசரு இறந்த துக்கத்தில் மரியாள் வீட்டில் உட்கார்ந்திருக்க, இயேசுவுக்கு எதிர்கொண்டு போய், நீர் தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று அறிக்கையிட்டவளும் அந்தச் சமையற்கட்டுக்காரிதான்.

உங்கள் நிலைக்கு இன்னும் நெருக்கமானவர் நெகேமியா என்று எனக்குத் தோன்றுகிறது. அவரும் பிறருக்குக் கீழே நின்று வேலை செய்தவர், பெர்சிய அரசனுக்குத் திராட்சரசம் பரிமாறியவர். நீ கேட்கிற காரியம் என்ன என்று அரசன் கேட்கிறான். அந்தக் கேள்விக்கும் தம் பதிலுக்கும் நடுவில் நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபித்தார் என்று 2ஆம் அதிகாரம் கூறுகிறது. கண்ணை மூடியிருக்க முடியாது, கையில் கிண்ணம் இருந்திருக்கலாம், மூச்சு விடும் நேரம்கூட இருந்திராது. எனினும் அது ஜெபம் என்றே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால், இந்த ஒரு வசனத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, நினைத்த இடத்தில் நினைத்தபோது இரண்டு சொல் சொன்னால் போதும் என்று முடிவுகட்டுபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கிஸ்லேயு மாதத்தில் எருசலேமின் அலங்கம் இடிந்து கிடக்கும் செய்தியைக் கேட்டது முதல் நிசான் மாதம் அரசன் முன் நின்றது வரை ஏறக்குறைய நான்கு மாதங்கள் கடந்திருந்தன. உபவாசித்து, அழுது, இரவும் பகலும் மன்றாடிய ஜெபத்தை 1ஆம் அதிகாரம் பதிவுசெய்திருக்கிறது. அந்த நீண்ட ஜெபத்தின் மேல்தான் இந்த நொடி ஜெபம் நின்றது.

ஆகவே, நாள்தோறும் அரை மணி நேரம் என்ற பழைய கணக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்களுக்கு ஓய்வு நாள் எப்போது வருகிறதோ, அன்று ஒரு மணி நேரத்தை யாருக்கும் கொடுக்காமல் ஒதுக்கி, நிறுத்தி நிதானமாக ஜெபியுங்கள். மற்ற நாட்களில் அதிலிருந்து ஒரே ஒரு வசனத்தைச் சிறு தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, வேலைக்கு நடுவே எடுத்துப் பாருங்கள்.

கடற்காற்று:

வாத்தியார் ஐயா ஆறுதலாக எழுதியிருக்கிறார், ஆனால் கைப்பேசியைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. நானும் இதில் விழுந்தவன் என்பதால் சற்றுக் கடுமையாகவே எழுதுகிறேன், அக்கா மன்னிக்க வேண்டும். அறைவீட்டுக்குள் பிரவேசித்துக் கதவைப் பூட்டி ஜெபம்பண்ணு என்று ஆண்டவர் மத்தேயு 6இல் சொல்லியிருக்கிறார். கைப்பேசி அறைக்குள் இருக்கும்வரை அந்தக் கதவு பூட்டப்படவில்லை. அச்சிட்ட வேதாகமம் ஒன்றை எடுத்து மேசைமேல் வையுங்கள். கைப்பேசியைச் சமையலறையில் விட்டுவிட்டு வாருங்கள். மாமியார் கூப்பிட்டால் குரல் கேட்கும், மீன்காரர் கூப்பிட்டால் கேட்காது.

மலையடிவாரம்:

நான் புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் கத்தோலிக்கப் பெண். கேள்வி பொதுவானது என்பதால் எழுதுகிறேன். தம்பி சொன்ன அச்சிட்ட வேதாகமம் நல்ல யோசனை. ஆனால் கைப்பேசி போனால் மனம் அடங்கிவிடும் என்று அவர் நம்புவது போலத் தெரிகிறது. அது அவருடைய வயதின் நம்பிக்கை. ஹிப்போ நகரின் ஆயராக இருந்த புனித அகுஸ்தீன், ஏறக்குறைய 1,600 ஆண்டுகளுக்கு முன், வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது பல்லி ஈயைப் பிடிப்பதும் சிலந்தி வலையில் பூச்சியைச் சுற்றுவதும் தம் கவனத்தை எத்தனை முறை இழுத்துப் போகின்றன என்று கடவுளிடமே ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார். அவரிடம் புலனம் இல்லை. பல்லி இல்லாத வீடு நம் பினாங்கில் ஏது?

நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. செபத்தில் மனம் எங்கே ஓடுகிறதோ, அங்கேதான் அன்றைக்கு நம் கவலையோ ஆசையோ இருக்கிறது. அதை விரட்டி விரட்டிக் களைப்பதைவிட, அதையே கையில் பிடித்து இறைவனிடம் கொண்டுபோவது எளிது. மீன் நினைவு வந்தால், இந்த வீட்டில் இன்று எல்லாரும் பசியாற வேண்டும் என்று ஒரு சொல் சொல்லிவிட்டு, விட்ட இடத்துக்குத் திரும்புங்கள். கால் மணி நேரத்தில் இருபது முறை திரும்ப வேண்டியிருந்தால் இருபது முறை திரும்புங்கள்; குழந்தை இருபது முறை ஓடினாலும் நாம் அலுக்காமல் பிடித்து வருகிறோம் அல்லவா?

இன்னொன்று, களைத்த மூளைக்குச் சொந்தச் சொற்கள் வராது. இரவு முழுவதும் நின்றவரிடம், மனம் திறந்து பேசு என்றால் கொட்டாவிதான் வரும். எங்கள் மரபில் அதற்காகவே காலை, நண்பகல், மாலை என்று மூவேளைச் செபமும் செபமாலையும் வைத்திருக்கிறார்கள். ஜூலை 26 புனித அன்னாள் திருவிழாவுக்கு எங்கள் ஊருக்கு வந்து பார்த்திருப்பீர்கள்: சாலை முழுவதும் கடைகள், ஒலிபெருக்கி, தொலைந்துபோன பிள்ளையைத் தேடும் தாய். அந்தச் சந்தடியிலும் மெழுகுவர்த்தியை ஏந்திக்கொண்டு பவனியில் நடப்பவர்கள், மனப்பாடமான சொற்களைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறார்கள். நீங்கள் செபமாலை சொல்லும் மரபில் இல்லை என்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. பரவாயில்லை, கர்த்தர் கற்பித்த ஜெபமும் 23ஆம் சங்கீதமும் உங்களுக்குப் பாராமல் வரும். பாலம் 13.5 கிலோமீட்டர். பேருந்து அதைக் கடப்பதற்குள், ஒவ்வொரு வரியிலும் நின்று நின்று போனாலும், இரண்டையும் சொல்லி முடித்துவிடலாம்.

பிறைவாசி:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், இரவுப் பணி வாரங்கள் இப்படித்தான் போகும்.

வாத்தியார் ஐயா, தாளில் எழுதிக் கொண்டுபோக வழியில்லை. நாங்கள் வேலை செய்வது கிளீன் ரூம், அதாவது தூசி புகாமல் காக்கப்படும் அறை. சாதாரணத் தாளிலிருந்து தூசி உதிரும் என்பதால் அதற்கும் உள்ளே அனுமதி இல்லை, கைப்பேசிக்கும் இல்லை. இதைத் தட்டச்சு செய்யும்போதுதான் உறைக்கிறது, நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் கைப்பேசி இல்லாமல் இருந்துகொண்டே கைப்பேசியைக் குறைசொல்லியிருக்கிறேன். ஓய்வு நாளின் ஒரு மணி நேரம் இன்னும் கைகூடவில்லை. முதல் ஓய்வு நாளில் உறங்கிவிட்டேன், இரண்டாவது நாளில் நாத்தனார் வந்துவிட்டார். தம்பி, அச்சிட்ட வேதாகமம் மேசைக்கு வந்துவிட்டது. மாமியாரும் இப்போது அதை எடுத்துச் சத்தமாக வாசிக்கிறார், அது வேறொரு கவனச்சிதறல்.

பேருந்தில் ஓட்டுநர் பாட்டுப் போடுகிறார், ஆகவே அக்கா சொன்ன சங்கீதம் பாலத்தில் சில நாள் நடக்கிறது, சில நாள் பாதியில் கண் அயர்ந்துவிடுகிறது. ஆனால் வேறோர் இடம் அகப்பட்டது. அங்கியும் முகமூடியும் அணிந்து கிளீன் ரூமுக்குள் போகுமுன் ஏர் ஷவர் என்ற சிற்றறையில் நிற்க வேண்டும். பின்கதவு மூடி, காற்று நாலா பக்கமும் அடித்து, உடையில் ஒட்டிய தூசி போன பிறகுதான் முன்கதவு திறக்கும். அரை நிமிடம்கூட இருக்காது. ஒருவர் பின் ஒருவராகப் போகும்போது அங்கே தனியாகத்தான் நிற்பேன், பேசினாலும் வெளியே யாருக்கும் கேட்காது. "கர்த்தர் என் மேய்ப்பராயிருக்கிறார், நான் தாழ்ச்சியடையேன்" என்று சொல்லி முடிக்கவும் கதவு திறக்கவும் சரியாக இருக்கிறது. உணவு வேளை, தேநீர் வேளை எல்லாம் சேர்த்து ஓர் இரவில் நான்கு முறை அந்த அறைக்குள் போகிறேன்.