படைப்பை மாற்ற வேண்டாம்

அன்புள்ள ஊர்ச் சொந்தங்களுக்கு,

மஸ்கட்டிலிருந்து எழுதுகிறேன். சித்திரையில் சுடலைமாடன் கோயிலில் கொடைவிழா என்று முடிவானதில் எனக்கும் பெரிய மகிழ்ச்சி. என் பங்கு வரியை அனுப்பிவிட்டேன். சாமிப் பீடங்களான பூடங்களுக்கு ஓடு பதிப்பதா, சுண்ணாம்பு அடித்தால் போதுமா என்பதில் பெரும்பான்மை எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம். ஆனால், ‘எல்லாப் பூடத்துக்கும் ஒரே மாதிரி சர்க்கரைப் பொங்கலும் தேங்காய் பழமும் வைத்துவிடலாம், சுருட்டு, கருவாடு, செருப்பு இதெல்லாம் இந்தக் காலத்துக்கு வேண்டாம்’ என்ற யோசனையை மட்டும் கைவிடும்படி கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

நம் பக்கத்துத் தெய்வங்களில் பலர் மனிதர்களாக வாழ்ந்து செத்தவர்கள். வெட்டுப்பட்டவர்கள், ஏமாற்றப்பட்டவர்கள், ஆசை தீராமல் போனவர்கள். உயிரோடு இருந்தபோது அவர்கள் எதை விரும்பினார்களோ, எதைக் கையில் வைத்திருந்தார்களோ, அதையே படைக்கிறோம். அந்தப் பொருளை எடுத்துவிட்டால் பூடத்தில் இருப்பது யார் என்று சொல்ல என்ன மிஞ்சும்?

பாபநாசம் மலைமேல் சொரிமுத்து ஐயனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போனவர்கள் பட்டவராயன் சந்நிதியைப் பார்த்திருப்பீர்கள். அங்கே காணிக்கை தோல் செருப்பு. வேண்டுதல் நிறைவேறியவர்கள் புதுச் செருப்பைக் கொண்டுவந்து கட்டுகிறார்கள். அடுத்த வருடம் போய்ப் பார்த்தால் அது நடந்து தேய்ந்திருக்கும், பட்டவராயன் காட்டுக்குள் போட்டு நடக்கிறார் என்பது நம்பிக்கை. அவர்தான் வில்லுப்பாட்டில் வரும் முத்துப்பட்டன். ஏழு அண்ணன் தம்பிகளில் இளையவர், அந்தணர். செருப்புத் தைக்கும் வாலப்பகடையின் மக்கள் பொம்மக்காவையும் திம்மக்காவையும் மணக்க விரும்பினார். பெண் கேட்டபோது தகப்பன் சொன்ன நிபந்தனை, ‘பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் காட்டு’ என்பது. பட்டன் மூன்றையும் செய்தார். கலியாணம் முடிந்த கையோடு, மாடு திருட வந்த கூட்டத்தோடு சண்டையிட்டு இறந்தார். இரு பெண்களும் உடன்கட்டை ஏறினார்கள்.

நாங்குநேரி தந்த ஆய்வாளர் நா. வானமாமலை இந்தக் கதையைத் தேடிப் பதிப்பித்தவர். கதையை எப்படி மாற்றினார்கள் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். அந்தப் பெண்கள் பிறப்பால் அந்தணக் குழந்தைகள் என்றும், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்றும் பிற்பாடு ஒரு கிளைக்கதையைச் செருகினார்கள். சாதி மாறி நடந்த கலியாணத்தை ஏற்க மனமில்லாதவர்கள் செய்த வேலை. ஏட்டை மாற்றினார்கள், பாட்டை மாற்றினார்கள். சந்நிதியில் தொங்கும் செருப்பை அவர்களால் மாற்ற முடியவில்லை. பட்டன் எந்த வீட்டு மருமகனாகச் செத்தார் என்பதை அது இன்றும் சொல்கிறது. நான் இவ்வளவு அழுத்திக் கேட்பதற்கு இதுதான் காரணம்.

இன்னொன்று, நம் ஊருக்கு இன்னும் பக்கத்தில் நடந்தது. இடையன்குடியில் 1841-இல் வந்து தங்கிய கிறித்தவப் பாதிரி கால்டுவெல் ஐயருக்கு நம் மாடன், இசக்கி வழிபாடு சற்றும் பிடிக்காது. 1849-இல் அச்சான சிறு நூலில் நம் மக்களைப் பற்றிக் கடுமையாகவே எழுதினார். அதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கும். ஆனால் அதே நூலில்தான் இந்தச் செய்தியும் இருக்கிறது: 1809-இல் கும்பினிப் படை, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனிப் படை, திருவிதாங்கூர் அரணைப் பிடித்தபோது படுகாயமடைந்து இறந்த ஆங்கிலேய அதிகாரி ஒருவரை ஏறத்தாழ 25 மைல் தள்ளி மணற்காட்டில் புதைத்திருந்தார்கள். அக்கம்பக்கத்து மக்கள் அவரையும் தெய்வமாக்கிக் கும்பிட்டார்கள், பாட்டுக் கட்டிப் பாடினார்கள். படைப்பு என்ன தெரியுமா? மதுவும் சுருட்டும். ஊர்விட்டு ஊர் வந்து, சொந்தபந்தம் பக்கத்தில் இல்லாமல் அநாதையாகச் செத்தவன் என்ன கேட்பான் என்று யோசித்து அதைக் கொடுத்திருக்கிறார்கள். அவன் எந்தப் படை என்று பார்க்கவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நமக்கு இது உறைக்க வேண்டும்.

கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16 அன்று கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட இடத்தில் வழிப்போக்கர்கள் ஆளுக்கொரு கல்லைப் போட்டுப் போட்டுக் குவியலாக்கினார்கள். வாய்விட்டுச் சொல்ல முடியாத காலத்தில் கல்தான் படைப்பு.

எங்கள் வீட்டில் தெய்வமாகக் கும்பிடும் கன்னியைப் பற்றியும் சொல்ல வேண்டும். என் ஆச்சிக்கு அத்தை முறை. வயதுக்கு வருமுன் காய்ச்சலில் போய்விட்டாள். பெயர் ஆச்சிக்கே தெரியாது. மச்சில் ஓர் ஓலைப்பெட்டி இருக்கும். அதில் பச்சைச் சிற்றாடை, கண்ணாடி வளையல், சீப்பு, உள்ளங்கை அகலத்தில் ஒரு கண்ணாடி. தை மாதம் வெள்ளிக்கிழமை பெட்டியை இறக்கி, புதுச் சிற்றாடை மாற்றி, இலை போட்டுப் படைப்போம். பச்சரிசி மாவு, வாழைப்பழம், கருப்பட்டி எல்லாம் வைத்த பிறகு கடைசியாக அவித்த பனங்கிழங்கு ஒன்று. நான் ஒரு முறை நாரை உரித்து நறுவிசாக வைக்கப் போனேன். ஆச்சி கையைப் பிடித்துக்கொண்டாள். ‘உரிக்காதே. அவளே உரித்துத் தின்பாள்’ என்றாள். படுக்கையில் கிடந்தபோது அந்தப் பிள்ளை கிழங்கு கேட்டதாம். காய்ச்சலுக்கு ஆகாது என்று கொடுக்கவில்லையாம். பெயர் இல்லை, படம் இல்லை, பிறந்த தேதி இல்லை. ஒரு பிள்ளையின் ஆசை மட்டும் கிழங்காக நம்மிடம் வந்திருக்கிறது. அந்த இலையில் கேசரியை வைத்தால் அவளையும் இழந்துவிடுவோம்.

சாராயத்தைப் பற்றிய தயக்கம் நியாயமானது. போன கொடையில் நள்ளிரவுச் சாமக்கொடை நேரத்தில் நடந்த தகராறு எனக்கும் தெரியும். பூடத்துக்குப் படைக்கும் சிறு குப்பியோடு நிறுத்திக்கொள்வோம். கோயில் வாசலில் யாரும் குடிக்கக் கூடாது என்று கட்டுப்பாடு போடுவோம். வெளிநாட்டில் வளரும் நம் பிள்ளைகள் முகம் சுளிப்பார்கள் என்ற கவலை எனக்கு இல்லை. என் மகளிடம் செருப்புக் காணிக்கையைச் சொன்னபோது, ‘ஏன் செருப்பு?’ என்று கேட்டாள். அன்று இரவு முழுக் கதையையும் கேட்டுவிட்டுத்தான் தூங்கினாள். சர்க்கரைப் பொங்கலைக் காட்டினால் எந்தப் பிள்ளை ஏன் என்று கேட்கும்?

ஆகவே ஓர் உதவி. உங்கள் வீட்டிலிருந்து எந்தப் பூடத்துக்கு என்ன போகும், யார் கொண்டுபோவார்கள், என்ன காரணம் சொல்வார்கள் என்று எழுதி அனுப்புங்கள். வீட்டுக் கன்னி, கொல்லைப்புற மாடன் எதையும் விடவேண்டாம். காரணம் மறந்துபோயிருந்தால் பொருளை மட்டுமாவது எழுதுங்கள். வில்லுப்பாட்டு பாடும் அண்ணாவிக்கு முன்பணம் கொடுக்கும்போதே அந்தப் பட்டியலையும் கொடுத்து, எந்தக் கதையையும் சுருக்காமல் பாடச் சொல்லலாம். கீழத் தெரு அண்ணாச்சிமாருக்குத் தனியாக ஒரு கேள்வி: புளியமரத்தடிப் பூடத்துக்குக் கருவாடு எந்த வீட்டு முறை? எங்கள் சித்தப்பா ஒரு வீட்டைச் சொல்கிறார், பெரியப்பா வேறொரு வீட்டைச் சொல்கிறார். தெரிந்தவர்கள் மாசி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
மேலத் தெரு, ஓட்டு வீட்டுப் பேரன்