மேயருக்கு யாரும்மா நிக்கிறது?

2022 பிப்ரவரியில், மதுரை செல்லூர்ப் பக்கம் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட ஒரு வார்டில் என் மதினி கவுன்சிலர் தேர்தலுக்கு நின்றார். மாநகராட்சியின் 100 வார்டுகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கியிருந்தார்கள். மேயர் பதவியும் பெண்களுக்கே என்று அறிவித்திருந்தார்கள். பழைய மன்றத்தின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்த பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஊரில் கவுன்சிலரே இல்லை என்பதால், வீட்டுக்கு வீடு சொல்லித் தீராத குறைகள் சேர்ந்து கிடந்தன. நோட்டீஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு, பிரசாரம் முடியும் வரை நான் மதினிக்குப் பின்னால் நடந்தேன்.

முதல் சங்கடம் அச்சகத்திலேயே வந்தது. மாதிரிக்கு அடித்துக் கொடுத்த நோட்டீஸில் என் அண்ணன் படம் பெரிதாகவும், மதினியின் படம் மூலையில் தபால்தலை அளவிலும் இருந்தது. அண்ணன் படத்தைக் கேட்டு வாங்கியவரும் அச்சகத்துக்காரர்தான். "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்கக்கா, அப்பதான் யாருன்னு தெரியும்" என்றார். மதினி சற்று நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நிக்கிறது நான்தானே தம்பி, என் மூஞ்சி தெரியட்டும்" என்று சொல்லி மாற்றச் செய்தார். பக்கத்தில் நின்ற ஒருவர், "உங்க வீட்ல மதுரையா, சிதம்பரமா?" என்று அண்ணனைக் கேட்டார். அண்ணன் பதில் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து தெருவில் யார் அவரிடம் குறை சொல்ல வந்தாலும், "வேட்பாளர் அவங்க, அவங்ககிட்ட சொல்லுங்க" என்று கையைக் காட்டிவிட்டு இரண்டடி பின்னால் நகர்ந்து நின்றார். அந்த இரண்டடி எனக்கு இன்றும் பெரிதாகவே படுகிறது.

தறிச் சத்தம் கேட்கும் ஒரு சந்தில், எழுபது வயதைத் தாண்டிய ஒரு அப்பத்தா நோட்டீஸை வாங்காமல் உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரோடு திரும்பினார். "குடிக்கச் சொல்லலம்மா, மோந்து மட்டும் பாரு" என்றார். மதினி குனிந்து முகர்ந்தார். குடிதண்ணீரில் சாக்கடை வாடை அடித்தது. குழாய் எந்த இடத்தில் சாக்கடையை ஒட்டிப் போகிறது என்று கேட்டு, பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் சந்தின் பெயரையும் வீட்டுக் கதவெண்ணையும் எழுதிக்கொண்டார். அதன் பிறகுதான் அப்பத்தா நோட்டீஸைக் கையில் வாங்கி, "சரி, நீ கவுன்சிலருக்கு நிக்கிற. மேயருக்கு யாரும்மா நிக்கிறது? ஒரு பொம்பளதான் வரணுமாமே?" என்று கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. பெண்தான் மேயர் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது. எந்தப் பெண் என்பது ஓட்டுக் கேட்டுப் போன எங்களுக்கே தெரியாது.

காரணம் எளிது. 1996, 2001, 2011 ஆகிய தேர்தல்களில் மேயருக்கும் கவுன்சிலருக்கும் மக்கள் தனித்தனியே ஓட்டுப் போட்டார்கள். 2006-லும் 2022-லும் கவுன்சிலர்கள் கூடி மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். மதுரையின் முதல் பெண் மேயரான தேன்மொழி 2006-இல் வந்தார், இந்திராணி 2022-இல் வந்தார். ஆக, மதுரைக்குப் பெண் மேயர் வாய்த்த இந்த இரண்டு முறையும் ஊர் மக்கள் மேயருக்கென்று ஓட்டுப் போடவில்லை. நேரடியாகப் போட்ட மூன்று முறையும் வென்றவர்கள் ஆண்கள்.

திருச்சியில் கதை வேறு. அங்கே 1996-இல் புனிதவல்லி பழனியாண்டி, 2001-இல் சாருபாலா தொண்டைமான், 2011-இல் ஜெயா என்று மூன்று பெண்கள் மக்கள் ஓட்டில் நேரடியாக மேயரானார்கள். உறையூரில் இருக்கும் என் சித்தி, "மேயரம்மாவுக்கு நான் போட்டேன்" என்று இன்றும் உரிமையோடு சொல்வார். அந்த உரிமை அப்பத்தாவுக்குக் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம். மேயர் ஒரு கட்சி, மன்றத்தில் பெரும்பான்மை வேறு கட்சி என்று அமைந்துவிட்டால் ஒரு தீர்மானமும் நிறைவேறாது என்று மறைமுகத் தேர்தலை ஆதரிப்பவர்கள் சொல்கிறார்கள். அதை நான் அலட்சியப்படுத்தவில்லை. ஆனாலும் நகரம் முழுவதையும் ஆளப்போகும் ஒரு பெண், விளாங்குடியிலும் வில்லாபுரத்திலும் அனுப்பானடியிலும் தெருவில் இறங்கித் தன் பெயரைத் தானே சொல்லி ஓட்டுக் கேட்கும் நிலை இருந்தால், "உன் வீட்டுக்காரரு எங்க?" என்ற கேள்வி வலுவிழக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அந்த நாட்களில் அந்தக் கேள்வி எங்கள் காதில் விழாத தெருவே இல்லை.

பிப்ரவரி 19 அன்று வாக்குப்பதிவு நடந்தது. 22 அன்று எண்ணினார்கள். மதினி தோற்றார். மார்ச் 4 அன்று தல்லாகுளம் அண்ணா மாளிகையில் மேயர் தேர்தல் நடந்ததையும், சிவப்பு அங்கியும் சங்கிலியும் அணிந்து செங்கோலோடு மேயர் நின்றதையும் டிவியில் பார்த்தோம். பால் வாங்க வந்த அப்பத்தாவும் எங்கள் வாசலில் நின்று பார்த்தார். "லட்சணமா இருக்கு. ஆனா நம்மகிட்ட ஒரு வார்த்தை கேக்கலையேம்மா" என்றார். அந்தக் குரலில் கோபமில்லை, வருத்தம் மட்டுமே இருந்தது.

மதினி அந்த நோட்டைப் பரண்மேல் போடவில்லை. வென்ற கவுன்சிலரும் பெண்தான், எதிர்க்கட்சிக்காரர். இரண்டு முறை போனில் அழைத்தபோதும் அவருடைய கணவரே எடுத்து, "எங்கிட்ட சொல்லுங்க, பாத்துக்கிறேன்" என்றார். "அவங்ககிட்டயே பேசிக்கிறேங்கண்ணே" என்று மதினி பொறுமையாகச் சொல்லி வைத்துவிட்டார். மூன்றாம் முறை கவுன்சிலரே எடுத்தார். அன்று சாயங்காலமே தனியாக எங்கள் வீட்டுக்கு வந்து, திண்ணையில் உட்கார்ந்து, நோட்டிலிருந்த சந்துகளின் பெயர்களைத் தன் கையால் எழுதிக்கொண்டார். பிறகு இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு அப்பத்தா வீட்டுச் சந்துக்கு நடந்தார்கள்.