நாய் ராத்திரி தூங்கவே மாட்டேன் என்கிறது, அவசரம்

காற்றாடி: ராத்திரி முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. படுக்கும், உடனே எழும். ஓடாமலே மூச்சு வாங்குகிறது. கொட்டாவி மேல் கொட்டாவி, ஆனால் தூக்கம் இல்லை. பிஸ்கட் நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. என்ன செய்ய?

நெல்லிமரம்: வயசு? எப்போதிலிருந்து? பகலிலும் இப்படியா? முக்கியமாக, வயிறு உப்பி, வாந்தி எடுக்கப் பார்த்தும் வராமல் தவிக்கிறதா? இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். பதிலுக்குக் காத்திருக்காமல் டாக்டரிடம் ஓடுங்கள்.

சக்கரவாகம்: ஓட்டம் பத்தவில்லை. சாயங்காலம் நன்றாக ஓட விடுங்கள், அடித்துப்போட்ட மாதிரி தூங்கும். எந்த நாய்க்கும் இதுதான் மருந்து.

பழைய கை: 'அவசரம்' என்று போட்டால் நோய் தெரிந்துவிடுமா தம்பி? தேடிப் பார்த்திருந்தாலே கிடைத்திருக்கும். தூக்கம் இல்லாத கொட்டாவி, உதட்டை நக்குவது, காதைப் பின்னால் மடிப்பது, ஓரக்கண்ணில் வெள்ளை தெரிவது, எல்லாம் பதற்றம். தடவிக் கொடுக்காதீர்கள், பயம் வளரும்.

நெல்லிமரம்: அது பழைய கதை சார். பயம் என்பது உணர்ச்சி, பிஸ்கட்டுக்காகச் செய்யும் வித்தை இல்லை. தானாக வந்து ஒட்டிக்கொண்டால் தாராளமாகத் தடவலாம். விலகினால் விட்டுவிட வேண்டும், அவ்வளவுதான்.

பழைய கை: நான் எத்தனை நாய் வளர்த்தவன் தெரியுமா?

சக்கரவாகம்: கணக்கா கேட்டார்கள்?

காற்றாடி: 8 வயசு, கலப்பினம். வயிறு சாதாரணமாக இருக்கிறது. பகலில் வெளியே படுத்து நன்றாகத் தூங்குகிறது. ஹாலுக்குள் வந்தால்தான் இந்தப் பாடு.

தாழை: ஹாலில் ஏதாவது கீச்சிடுகிறதா? புகை எச்சரிக்கைக் கருவியில் பேட்டரி தீரும்போது விட்டு விட்டு ஒரு கீச் வரும். நாம் பழகிவிடுவோம், அதற்கு முடியாது. நமக்குக் கேட்பது 20,000 ஹெர்ட்ஸ் வரை, நாய்க்கு ஏறத்தாழ 45,000. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வு (2021) ஒன்றிலும், ஒரே சீராக இரையும் சத்தத்தைவிட இந்த மாதிரிக் கீச்சுக்கே நாய்கள் அதிகம் கலங்கின.

நெல்லிமரம்: சரியான கேள்வி. ஆனாலும் இந்த வயசில் மூட்டு, பல் இரண்டையும் காட்டிவிடுங்கள். வலி இருந்தால் சத்தத்துக்கு இன்னும் மிரளும். தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள், நிமிடத்துக்கு 30-ஐத் தாண்டிக்கொண்டே இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். நம் இபுபுரூஃபன், பாராசிட்டமால் எதையும் கொடுத்துவிடாதீர்கள், விஷம்.

காற்றாடி: பேட்டரிதான். மாற்றியாயிற்று, மேசைக்கடியில் குறட்டை. டாக்டரிடமும் காட்டுகிறேன். நன்றி.

பழைய கை: சரி. தடவும் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.