எறும்பு காட்டிக்கொடுத்த தொட்டி

சென்னையிலிருந்து:

எங்கள் மொட்டைமாடியில் 32 தொட்டி. பாதி கள்ளி, மீதி எச்சிவேரியா, ஹவொர்த்தியா என்று தடித்த இலையில் தண்ணீரைச் சேர்த்து வைக்கும் சக்குலன்ட் வகை. போன பங்குனியில் ஒரு எச்சிவேரியா வாட ஆரம்பித்தது. இலையைத் தொட்டால் காற்றுப் போன பலூன் மாதிரி இருந்தது. வெயிலுக்குத் தண்ணீர் போதவில்லை போலிருக்கிறது என்று ஊற்றினேன். இன்னும் சுருங்கியது. இன்னும் ஊற்றினேன். என்ன புத்தியோ!

இலை மடிப்பில், தண்டில், எங்கே தேடியும் பூச்சி இல்லை. ஆனால் தொட்டியின் அடி ஓட்டைக்கும் சுவருக்கும் நடுவே எறும்பு சாரை போய் வந்துகொண்டிருந்தது. அங்கே அதற்கு என்ன வேலை?

தொட்டியைக் கவிழ்த்தேன். மண் அச்சாகக் கழன்று வந்தது. தொட்டியின் உள்பக்கம் முழுக்க விபூதி பூசின மாதிரி வெள்ளை. வேரை உற்றுப் பார்த்தால் நொய்யைவிடச் சின்னதாக ஏதோ ஒட்டிக்கொண்டு மெல்ல அசைகிறது. வேர் மாவுப்பூச்சி. அது வேரில் சாறு உறிஞ்சி இனிப்பாகக் கழியும். அதைக் குடிக்கத்தான் எறும்பு வருகிறது. சும்மா குடித்துவிட்டுப் போகாது, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும் விரட்டும், பூச்சியைப் பக்கத்துத் தொட்டிக்குத் தூக்கிக்கொண்டும் போகும்.

பழைய மண் மொத்தத்தையும் கட்டிக் குப்பையில் போட்டேன். வேரைக் குழாய்த் தண்ணீரில் அலசி, அழுகியதை வெட்டி, ஐந்து நாள் நிழலில் காய வைத்தேன். சக்குலன்ட்டுக்கு இந்தப் பட்டினி ஒன்றும் செய்யாது. ஈர வேரோடு உடனே நட்டால்தான் வெட்டுக்காயம் அழுகும். தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துவிட்டு, புது மணல் கலவையில் நட்டேன். மற்ற தொட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் பார்த்ததில் இன்னும் நாலில் இருந்தது.

நடுவில் ஒரு கூத்தும் நடந்தது. இலைக்கும் பாதுகாப்பு என்று, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் கொஞ்சம் சோப்பும் கலந்து காலை 11 மணிக்கு அடித்தேன். எண்ணெய் பட்ட இலையில் வெயில் சுட்டுக் காப்பிக் கறை மாதிரி வடு. எச்சிவேரியா இலைமேல் இருக்கும் சாம்பல் பூச்சும் போய்விட்டது. போன இலையில் அது திரும்ப வராது. வேப்பெண்ணெய் அடிப்பதென்றால் சாயங்காலம்தான், அதுவும் முதலில் ஒரே ஒரு செடியில்.

திருநெல்வேலியிலிருந்து:

அக்கா, எனக்கு வந்தது வேறு வெள்ளை. தொட்டியில் வைத்திருந்த சப்பாத்திக்கள்ளியில் பஞ்சு ஒட்டின மாதிரி திட்டுத் திட்டாக இருந்தது. மாவுப்பூச்சிதான் என்று விரலால் நசுக்கினேன், கை முழுக்க ரத்தச் சிவப்பு. ஒரு நிமிடம் முள் குத்திவிட்டதென்று பயந்தே போனேன். அது கொச்சினீல், சாயம் எடுக்கும் பூச்சி.

இதற்குப் பழைய கதை உண்டு. 1795இல் சாயத்துக்காகப் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது நல்ல சாயம் தரும் இனமே இல்லை. சாயம் தேறவில்லை, ஆனால் அது நாட்டில் காடாக மண்டிக் கிடந்த ஒரு சப்பாத்திக்கள்ளி இனத்தைத் தின்று தீர்த்தது. பிறகு களையை ஒழிக்கவென்றே 1836 வாக்கில் தென்னிந்தியாவிலும் விட்டார்கள். களைக்கு எமன், நம் தொட்டிக்கும் எமன்.

நான் குழாயை வேகமாகத் திறந்து பீய்ச்சி அடித்தேன். முள்ளிடுக்கில் மிஞ்சியதை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் பட்ஸ் தோய்த்துத் துடைத்தேன். வாரம் ஒரு தடவை, நாலு வாரம். ஒரே தடவையில் போய்விட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், முட்டை மிச்சம் இருக்கும்.

கோவையிலிருந்து:

பூச்சியாவது பரவாயில்லைங்க. எங்க வீட்டில் எலி. சித்திரை வெயிலில் குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல், முள் குறைவான கள்ளியாகப் பார்த்து ஒரு பக்கமாகக் குடைந்து வைத்திருந்தது, பாதி தின்ற வெள்ளரிக்காய் மாதிரி. கடித்த இடத்தைக் கத்தியால் சமமாகச் சீவிக் காய விட்டேன், பிழைத்துக்கொண்டது. இப்போது சதுரக் கம்பி வலையில் கூண்டு அடித்துக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். கொசுவலையெல்லாம் எலிக்கு ஒரு ராத்திரி வேலை.

சென்னையிலிருந்து, மறுபடியும்:

தம்பி சொன்ன ஸ்பிரிட் வைத்தியத்தை இலைமேல் வரும் மாவுப்பூச்சிக்கு நானும் செய்கிறேன். நர்சரியிலிருந்து வரும் புதுச் செடியை இப்போது ஒரு மாதம் படிக்கட்டில் தனியாக வைத்துவிட்டுத்தான் மாடிக்கு ஏற்றுகிறேன். எச்சிவேரியா நட்ட மூன்றாவது மாதம் பக்கத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்குக் குட்டி விட்டது.

எலி விஷயம் படித்ததும் எனக்கும் சந்தேகம். இரண்டு தொட்டியில் தினமும் மண் தோண்டியிருக்கும். பொறியில் தேங்காய்ச் சில்லு வைத்தேன். விடிந்து பார்த்தால் உள்ளே அணில் உட்கார்ந்து தேங்காயைக் கொறித்துக்கொண்டிருக்கிறது. திறந்துவிட்டேன். மறுநாள் அதே தொட்டியில் மண் தோண்டியிருந்தது.